ஆண்டெனா, மதகு, சாவி

கணினித் திரையில் அலைவரிசைகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. மாடியில் இருக்கிற கட்டண டிஷ்ஷிலிருந்து ஒயரை இறக்கி, கணினிக்குள் சொருகியிருந்த டியூனர் கார்டில் மாட்டியிருந்தேன். பல பெயர்களின் வாலில் 'எச்.டி.' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு பூட்டுப் படம். எதைத் தொட்டாலும் கருப்புத்தான். கூட இருந்த நண்பர், 'கார்டு போச்சுங்க' என்றார். போகவில்லை. விநாடிக்கு இத்தனை பிட் என்று தரவு வந்து இறங்கிக்கொண்டிருப்பதை மென்பொருள் காட்டியது. பெயர்ப்பட்டியலை யாரும் படிக்கலாம், படத்தை மட்டும் மறையாக்கம் செய்து அனுப்புவது என்பதுதான் ஏற்பாடு. அலை நீடாமங்கலத்தில் என் வீட்டுக்குள் வந்துவிட்டது, பிம்பம் வரவில்லை. இந்த இடைவெளிக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது டெல்டாவுக்கு அதனால் ஒன்றுமில்லை. சென்னைக் கோபுரத்தின் அலை இவ்வளவு தூரம் எட்டாது. எங்களுக்குத் தொலைக்காட்சி வந்தது கடலுக்கு அப்பாலிருந்து. 1982 பிப்ரவரியில் ஜப்பானிய உதவியோடு தொடங்கப்பட்ட இலங்கையின் ரூபவாஹினி, பிதுருதலாகல மலையிலிருந்து ஒளிபரப்பானது. வெப்பமான மாதங்களில் கடலின் மேல் படியும் காற்றடுக்குகள் அந்த அலையை வளைத்து இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்க்கும். மூங்கிலை மூங்கிலோடு கட்டி, உச்சியில் அலுமினிய ஆண்டெனா, கீழே பூஸ்டர். மாடியில் ஒருத்தர், கூடத்தில் ஒருத்தர், நடுவில் வாசலில் நான். 'இன்னும் கொஞ்சம் கிழக்கால திருப்பு... போதும் போதும், விடாத!' விட்டால் புள்ளி மழை. 1983 ஜூலைக்குப் பிறகு ஈழத்துக்காகக் கடையடைப்பு நடத்திய அதே ஊர், சாயங்காலமானால் சிங்கள அரசின் தொலைக்காட்சியில் வண்ணப்படம் பார்த்தது. இதை முரண்பாடு என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியவில்லை. டெல்லி எங்களைப் பார்வையாளர்களாகக்கூட எண்ணாத காலத்தில், எங்களுக்காக அனுப்பப்படாத ஒன்றை நாங்கள் பிடித்துப் பார்த்தோம். யாரிடமும் கேட்கவில்லை.

'நாங்கள்' என்கிற சொல்லையும் சந்தேகிக்க வேண்டும். பெட்டி இருந்த வீட்டில் கூடத்தில் உட்கார்ந்தவர்கள் யார், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்ற பிள்ளைகள் யார் என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இது 1937 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காகத் தாழ்த்தப்பட்டோர் அடித்து அவமானப்படுத்தப்பட்ட ஊர். அலைக்குச் சாதி தெரியாதுதான், பெட்டி இருந்த வீட்டுக்குத் தெரியும்.

சட்டம் என்ன சொன்னது? 1933ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வாங்கிக் கருவியை வைத்திருப்பதே குற்றம். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டினோம், 1980களின் நடுவில்தான் அது ஒழிந்தது. காலனிய அரசு கேட்பவனைக் கண்காணித்தது, ஆனால் அலையைப் பூட்டவில்லை. பிறகு 1995 பிப்ரவரியில், ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசின் ஏகபோகம் உடைந்தது என்று கொண்டாடினோம் (நானும்தான்). பொதுச்சொத்தின் மேல் தனியார் பூட்டுத் தொங்கும் என்று அன்று தோன்றவில்லை.

2000ஐ ஒட்டிய வருஷங்களில் நான் முதல் டியூனர் கார்டு வாங்கினேன், சென்னை ரிச்சி தெருவில். கேபிள் ஒயரைச் சொருகினால் போதும், 576 கோட்டுப் படம் அப்படியே கணினியில் ஓடும். முக்கியமானது பார்ப்பது அல்ல, பதிவது. 2002இல் தண்ணீர் வராமல் குறுவை போனபோது, காவிரி பற்றிய செய்திகளை ராத்திரி ராத்திரியாகப் பதிந்து, வெட்டி, குறுவட்டில் ஏற்றிக் கூட்டங்களில் போட்டுக் காட்டினோம். மந்திரி போன வாரம் சொன்னதையும் இந்த வாரம் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு விளக்கம் தேவைப்படாது. வானொலி கேட்பவனைப் பேசவும் வைக்கவேண்டும் என்று பிரெக்ட் 1932இலேயே வாதிட்டார். அவ்வளவு தூரம் நாங்கள் போகவில்லை. ஆனால் பார்ப்பவன் ஆவணம் சேர்ப்பவனாக மாறினான்.

உயர்தெளிவு வந்தபோது போனது இதுதான். அமெரிக்காவில் 2009 ஜூன் 12இல் பெரிய நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு நின்றது. டிஜிட்டல் அலை வானில் பூட்டில்லாமல் வந்ததால், ஒரு ஆண்டெனாவும் டியூனர் கார்டும் இருந்தால் உயர்தெளிவுப் படம் இலவசம். அங்கேயும் சும்மா விடவில்லை. படத்தோடு ஒரு 'கொடி'யை அனுப்பி, எல்லாக் கருவிகளும் அதற்குக் கட்டுப்பட்டே பதியவேண்டும் என்று 2003இல் விதி போட்டார்கள். நூலகர் சங்கம் வழக்காடி 2005இல் அதை உடைத்தது. நூலகர்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

இங்கே கதை வேறு. 2010 காமன்வெல்த் விளையாட்டுகளைத் தூர்தர்ஷன் உயர்தெளிவில் தந்தது. தனியார் எச்.டி. அலைவரிசைகள் கட்டண டிஷ்ஷிலும் கேபிளிலும் வந்தன, பூட்டோடு. 2006இலிருந்து அரசு கொடுத்த இலவச வண்ணப் பெட்டியில் அந்தப் படத்தின் நுட்பம் தெரியவும் செய்யாது. 2017இல் அரசு கேபிளும் செட்டாப் பாக்ஸுக்கு மாறியது. என் பழைய கார்டில் சொருக ஒயர் இருந்தது, ஒயரில் படம் இல்லை. தூர்தர்ஷனின் தரைவழி டிஜிட்டல் 2016இல் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களுக்குத்தான் கிடைத்தது. அனலாக் கோபுரங்களோ 2022க்குள் அநேகமாக எல்லாம் அணைக்கப்பட்டன. ஒரு நிறுவனத்தின் பெட்டியில் இன்னொன்றின் சாவி பொருந்த வேண்டும் என்று டிஷ் உரிமத்திலேயே நிபந்தனை இருந்தது. நடைமுறையில் நடக்காததால், டிராய் 2020இல் அதையே மறுபடி பரிந்துரைத்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரியும். ஷட்டரைத் தூக்குபவர் லஸ்கர். கடைமடைக்காரர் ராத்திரியில் தானே தூக்கினால் அது திருட்டு. ஆனால் எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் முறை என்று கேட்டு லஸ்கரையும் அவருக்கு மேலே இருக்கிற பொறியாளரையும் மறிக்கலாம், மறித்திருக்கிறோம். செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கிற லஸ்கரை எந்த ரோட்டில் மறிப்பது? சாவியை இணையத்தில் திருட்டுத்தனமாக விற்கிறவர்கள் இருப்பதாக நண்பர் சொன்னார். வேண்டாம் என்றேன். நேர்மை ஒரு காரணம். இன்னொன்று, திருடிப் பார்த்தால் உரிமை கேட்கிற வாய் அடைந்துபோகும் என்று பட்டது.

கார்டைக் கழற்றவில்லை. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷுக்கு (2004 டிசம்பரில் தொடங்கியது) தனியாக ஒரு டிஷ் வாங்கினேன். அதில் வருகிற பழைய எம்பெக்-2 அலைவரிசைகளுக்குப் பூட்டு இல்லை, உயர்தெளிவும் இல்லை. பதிகிறேன். 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிற செயற்கைக்கோளுக்கு டிஷ்ஷைத் திருப்பிவைக்க வந்த பையன் மாடியில் தென்கிழக்கு மூலையைக் காட்டி, 'இங்கதான் வரும் சார், இந்த மூங்கில் துண்ட எடுத்துடலாமா?' என்றான்.