தோடம்பழத் தோலும் சிட்னிக் கூரையும்

"தொழில்நுட்பம் கனவை நனவாக்கும்" எண்டு இப்ப எல்லாரும் சொல்லுறம். சொல்லுறது லேசு. உண்மையில் அது எப்பிடி நடக்கும் எண்டு விளங்கவேணுமெண்டால், சிட்னி ஒப்பரா ஹவுஸின் கூரை எப்பிடி எழும்பினது எண்டு ஒருக்காப் பார்க்கலாம்.

1957 இல், சர்வதேசப் போட்டிக்கு வந்த 233 வடிவமைப்புகளுக்குள் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சனின் வரைபடங்கள் தெரிவாகின. கப்பல் பாய் விரிச்ச மாதிரி கூரைகள். பார்க்க நல்ல வடிவு. ஆனால் அதைக் கட்டுற வழி ஒருவருக்கும் தெரியாது. அந்த வளைவுகளுக்குப் பின்னால் திட்டமான கேத்திரகணிதம் எதுவும் இருக்கவில்லை. இருந்தும் 1959 இல் கீழ்ப்பகுதி வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கூரையின் பாரம் தெரியாமல் எழுப்பின தூண்களைப் பிறகு திருப்பிக் கட்டவேண்டி வந்தது.

ஓவ் அரப்பின் பொறியியலாளர்கள் பரவளைவு, நீள்வளையம் எண்டு ஒவ்வொன்றாக முயன்று பார்த்தார்கள். கணக்குப் பார்க்கக் கம்பியூட்டரையும் பயன்படுத்தினார்கள். கட்டட வேலைக்குக் கம்பியூட்டர் வந்த மிக ஆரம்ப சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று. ஆனால் குடுத்த வடிவம் தாங்குமா எண்டுதான் அது சொல்லும். என்ன வடிவம் வேணும் எண்டு மனுசர்தான் யோசிக்கவேணும்.

விடை 1961 இல் வந்தது. கூரை ஓடுகள் எல்லாவற்றையும் 75 மீற்றர் ஆரையுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுக்கலாம் என்பது உட்சனின் யோசனை. தோடம்பழத் தோலை வேறவேற அளவில் உரிச்சாலும் வளைவு ஒன்றுதானே? அதால ஒரே அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி 2,194 கொங்கிறீட் துண்டுகளை வார்க்க முடிஞ்சது. கம்பியூட்டர் பெரிசாக உதவினதும் இதுக்குப் பிறகுதான். பூட்டின துண்டுகள் எங்க நிக்குது எண்டு பின்னேரம் அளந்து கம்பியூட்டருக்குக் குடுத்து, அடுத்தநாள் வேலையைத் திருத்திக்கொண்டார்கள்.

இதில ஒரு விசயம் கவனிக்கவேணும். கட்டி முடிஞ்ச கூரை போட்டியில் வென்ற படம் இல்லை, அதைவிட நிமிர்ந்தது. தொழில்நுட்பம் கனவை அப்பிடியே தூக்கி நிறுத்தவில்லை, கனவும் மாறித்தான் எழும்பினது.

அதுக்குக் குடுத்த விலையும் பெரிசு. 7 மில்லியன் டொலர் எண்டு மதிப்பிட்ட வேலை 102 மில்லியனில் முடிஞ்சது. புதிய அரசாங்கத்தோட முரண்பட்டு உட்சன் 1966 இல் விலகிப்போனார். 1973 திறப்புவிழாவில் அவர் இருக்கவில்லை. கட்டி முடிஞ்ச கட்டடத்தை ஒருக்காவும் நேரில் பார்க்காமலே 2008 இல் இறந்துபோனார்.

இப்ப எங்கட லப்டொப்பில அரைமணித்தியாலத்தில எந்த வளைவையும் கீறலாம். கட்டுற ஆக்களோட நாலு வருசம் இருந்து, கீறினதை மாத்த நாங்கள் ஆயத்தமோ?