துப்பாக்கிச் சந்தையும் ஒரு படிவமும்

அமெரிக்காவில் ‘கன் ஷோ’ என்று ஒன்று நடக்கிறது. பெயரைக் கேட்டால் ஏதோ சர்க்கஸ் வேடிக்கை மாதிரித் தோன்றும். உண்மையில் அது ஒரு சந்தை. நம் காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை கடை பரப்புவதுபோல அங்கே வார இறுதியில் ஒரு பெரிய கொட்டகையில் மேசை போட்டுத் துப்பாக்கி விற்கிறார்கள். ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்ற ஊரில் 1955 முதல் நடந்துவரும் சந்தையில் 4,000-க்கும் மேற்பட்ட மேசைகள். பழைய நாணயம் சேர்ப்பவர்களைப் போலப் பழைய துப்பாக்கி சேர்ப்பவர்கள், உரிமம் பெற்ற வியாபாரிகள், தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கியை விற்க வந்த பேரன் என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ்.

நம் ஊரில் ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வாங்க எத்தனை மேசை ஏறி இறங்க வேண்டும், தேர்தல் அறிவித்தால் அதையும் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பதெல்லாம் நண்பர்களுக்குத் தெரியும். அங்கே சந்தையில் வாங்கலாம் என்றால், என்ன சட்டம், யார் கணக்கு வைக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுமல்லவா? குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கட்டாயம் தோன்றும்.

கதை தபாலில் தொடங்குகிறது. 1963-இல் அதிபர் கென்னடியைக் கொன்ற இத்தாலிய ரைஃபிள், சிக்காகோவிலிருந்த ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குப் பொய்ப்பெயரில் கூப்பன் அனுப்பித் தருவித்தது. தொலைநோக்கியோடு விலை 19 டாலர் 95 சென்ட். தபால் செலவு தனி. பிரெஞ்சு படித்த என் வயதுக்காரர்களுக்கு இது வியப்பாக இருக்காது. பிரான்சில் சேன்த்-எத்தியேன் நகரின் மனுஃப்ரான்ஸ் நிறுவனம் சைக்கிள், தையல் மிஷினோடு வேட்டைத் துப்பாக்கியையும் ஒரே தடித்த காட்டலாக்கில் போட்டு விற்றது. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்.

கென்னடி இறந்த பிறகும் அமெரிக்கப் பாராளுமன்றம் ஐந்து வருஷம் இழுத்தது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி. இருவரும் சுடப்பட்ட பிறகுதான் அந்த அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் விற்பது நின்றது. வியாபாரிக்கு லைசென்ஸ் கட்டாயம். லைசென்ஸில் எழுதிய முகவரியில் மட்டுமே விற்கலாம். நீளத் துப்பாக்கிக்கு 18 வயது, கைத்துப்பாக்கிக்கு 21. வாங்குபவர் 4473 எண்ணுள்ள படிவத்தில் தன் விவரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தண்டனை பெற்றவனா, போதைக்கு அடிமையா என்று அதில் வரிசையாகக் கேள்விகள்.

முகவரியில் மட்டும் என்றால் சந்தை மேசையில் லைசென்ஸ் வியாபாரி உட்கார முடியாது. வியாபாரிகள் முறையிட்டார்கள். 1984-இல் துறையே விதியைத் தளர்த்தித் தன் மாநிலத்துக்குள் நடக்கும் சந்தையில் விற்கலாம் என்றது. 1986-இல் ரேகன் கையெழுத்திட்ட சட்டம் அதை உறுதியாக்கியது. அதே சட்டம் இன்னொரு வேலையும் செய்தது. ‘வியாபாரம் செய்பவர்’ யார் என்ற விளக்கத்தில் ‘பிழைப்பும் லாபமும் முக்கிய நோக்கமாக’ என்ற பொருளில் சில சொற்களைச் சேர்த்தது. எப்போதாவது விற்பவர், சொந்தச் சேகரிப்பிலிருந்து விற்பவர் வியாபாரி ஆகமாட்டார். அவருக்கு லைசென்ஸ் வேண்டாம், படிவமும் வேண்டாம். அரசாணையில் ஒரு சொல் மாறினால் எத்தனை பேர் பென்ஷன் மாறும் என்று பார்த்தவர்களுக்கு நான் மேலும் சொல்ல வேண்டியதில்லை.

1993-இல் பிரேடி சட்டம் வந்தது. 1998 நவம்பர் 30 முதல் லைசென்ஸ் வியாபாரி வாங்குபவரின் பெயரைக் கொடுத்து எஃப்.பி.ஐ.யிடமோ மாநில அலுவலகத்திடமோ கேட்ட பிறகே விற்க வேண்டும். அதாவது ஒரே சந்தையில் இந்த மேசையில் விசாரணை உண்டு, பக்கத்து மேசைக்காரர் தனி ஆளாக இருந்தால் இல்லை.

அந்த மாதங்களில்தான் கொலராடோவில் டென்வருக்கு அருகே ஒரு சந்தைக்கு 18 வயதுப் பெண் ஒருத்தி தன் பள்ளித் தோழர்கள் இருவரோடு போனாள். அவர்களுக்கு வயது 17. வேண்டியதை அவர்கள் காட்ட, இரண்டு ஷாட்கன்னும் ஒரு ரைஃபிளும் தனியார் விற்பனையாளர்களிடம் அவள் தன் பெயரில் வாங்கினாள். 1999 ஏப்ரல் 20-இல் கொலம்பைன் பள்ளியில் அவர்கள் கையிலிருந்தவை அவைதான், இன்னொரு பிஸ்டலோடு. அன்று 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் மாண்டார்கள். அந்தப் பெண் பின்னால் மாநில சட்டமன்றக் குழுவின் முன் சொன்னதுதான் எனக்கு மறக்காதது: தன்னைப் பற்றிய விவரம் ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன் என்றாள். படிவம் என்றால் சிரிப்பவர்களுக்கு இதைச் சொல்லுவேன்.

அடுத்த மாதமே செனட்டில் சந்தை விற்பனை முழுவதற்கும் விசாரணை வேண்டும் என்ற திருத்தம் வந்தது. ஓட்டு சரிசமமாக நிற்க, துணை அதிபர் அல் கோர் தன் ஓட்டைப் போட்டு நிறைவேற்றினார். கீழ்சபையில் அது தேறவில்லை. 2000 நவம்பரில் கொலராடோ மக்களே வாக்கெடுப்பில் அதைத் தங்கள் மாநிலச் சட்டமாக்கினார்கள். ஒரேகானிலும் அதே நாளில் அப்படியே. தேச அளவில் அந்த ‘பிழைப்பு’ என்ற சொல்லை எடுக்க 2022 ஜூன் வரை ஆயிற்று.

கலிபோர்னியா சட்டத்தைப் படித்தால் எழுதியவர் நல்ல குமாஸ்தா என்று தெரியும். சந்தை நடத்துபவர் தகுதிச் சான்றும் 10 லட்சம் டாலருக்குக் காப்பீடும் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புத் திட்டத்தை முன்கூட்டியே போலீசுக்குக் கொடுக்க வேண்டும். சொந்தத் துப்பாக்கி கொண்டுவருபவர் பெயரும் கையெழுத்தும் உள்ள சீட்டை அதில் கட்ட வேண்டும். தோட்டா மூடிய பெட்டியில் மட்டும். விற்பவரும் காவல் பணியில் இருப்பவரும் தவிர வேறு யாரும் ஒரு துப்பாக்கியையும் அதற்குப் பொருந்தும் தோட்டாவையும் ஒருசேர வைத்திருக்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழானவர் பெற்றோர் அல்லது பாதுகாவலரோடுதான் உள்ளே வரலாம்.

கணக்கு யார் வைக்கிறார்கள் என்று கேட்டேனே? கடை மூடியவர்களின் படிவங்கள் எல்லாம் மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊருக்குப் போகின்றன. பெட்டி பெட்டியாக. இடம் போதாமல் வெளியே கன்டெய்னரில்கூட அடுக்கியிருந்தார்கள். ஆனால் தேசியப் பதிவேடு கூடாது என்று சட்டம் இருப்பதால், ஸ்கேன் செய்த படிவங்களில் பெயரைத் தட்டித் தேட முடியாது. ஊழியர்கள் ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால் பார்த்துத் தேடுகிறார்கள். நம் ரெக்கார்டு ரூமில் தூசி தின்றவர்கள் அவர்களுக்காக ஒரு பெருமூச்சு விடலாம்.

வாசலில் இன்னொரு சடங்கு உண்டு. மேசையில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு துப்பாக்கியையும் திறந்து காலி என்று பார்த்து, விசை வேலை செய்யாதபடி நைலான் கட்டு ஒன்றைப் போட்டு இறுக்குவார். 2013 ஜனவரி 19-இல், ஒரே நாளில், வட கரோலினா, ஒஹையோ, இந்தியானா என்று மூன்று மாநிலச் சந்தைகளில் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்து ஐந்து பேர் காயப்பட்டார்கள். வட கரோலினாவில் வெடித்தது அந்த வாசல் மேசையிலேயேதான். சோதனைக்காக உறையிலிருந்து எடுக்கும்போது. இந்தியானாவில் சந்தை முடிந்து வெளியே வந்தவர் தோட்டா போடும்போது தன் கையையே சுட்டுக்கொண்டார்.

இவையெல்லாம் பிழைத்தவர்கள் கதை. 2008 அக்டோபர் 26-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் வெஸ்ட்ஃபீல்டில் ஒரு துப்பாக்கிக் கிளப்பில் கண்காட்சி நடந்தது. வந்தவர்கள் இயந்திரத் துப்பாக்கி சுட்டுப் பார்க்கலாம். வயது வரம்பு இல்லை, லைசென்ஸ் வேண்டாம் என்று விளம்பரமே போட்டிருந்தார்கள். அந்த மாநிலச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழானவர் கையில் இயந்திரத் துப்பாக்கி கொடுப்பதே குற்றம். எட்டு வயதுப் பையன் ஒருவன் கையில் மைக்ரோ உஸி கொடுக்கப்பட்டது. உருவத்தில் சிறியது என்பதால் குழந்தைக்கு ஏற்றது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எடையும் நீளமும் குறையக் குறைய எகிறுவது அதிகமாகும். குழாய் பின்பக்கமாக மேலே தூக்கியது. தலையில் பட்டு இறந்தான். பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தவன் 15 வயதுப் பையன். சற்றுத் தள்ளிப் படம்பிடித்துக்கொண்டிருந்தவர் சிறுவனின் அப்பா. அவர் ஒரு டாக்டர்.

கண்காட்சியை நடத்தியவர் அதே மாநிலத்தில் வேறோர் ஊரில் போலீஸ் தலைவராக இருந்தவர். வழக்கு நடந்தது. அந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது அப்பாதான் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. படம்பிடித்த காட்சியை ஜூரிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். 2011 ஜனவரியில், எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் அவரை விடுவித்தார்கள்.