தறி நின்ற பிறகு டிவி

குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்குக் கால் மிதியில் இருக்கும், கை நாடாக் கயிற்றில் இருக்கும், கண் பாவை விட்டு நகராது. சும்மா இருப்பது காது ஒன்றுதான். அதனால் சேலத்தில் அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை மாதிரியான நெசவுத் தெருக்களில் ரேடியோ சீக்கிரமே தறியின் ஓர் உறுப்பு போல ஆகிவிட்டது. இலங்கை வானொலி பாடிக்கொண்டிருக்கும், தறி ஓடிக்கொண்டிருக்கும், இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. டிவி அப்படி விடவில்லை. அது கண்ணைக் கேட்டது. பட்டு வேட்டியின் கரையில் ஓர் இழை பிசகினால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள் என்னும்போது யார் கண்ணைக் கொடுப்பது? ஆகவே இங்கே டிவி என்பது தறி நின்ற பிறகுதான்.

அந்த டிவியும் தாமதமாகவே வந்தது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது. ஆனால் சென்னைக் கோபுரத்தின் அலைகள் முன்னூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த சேலத்தை எட்டவில்லை. 1983இல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் மேலே போனது. மறு ஆண்டில் நாடு முழுக்க, சராசரியாக நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் டிரான்ஸ்மிட்டர்களை நட்டார்கள். அவற்றில் பலவும் சின்னச் சின்ன, குறைந்த சக்திக் கோபுரங்கள். வானத்திலிருந்து டெல்லி நிகழ்ச்சியை வாங்கி அப்படியே ஊருக்குக் கொடுப்பதுதான் அவற்றின் முதல் வேலை. தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் டிவி முதலில் பேசியது இந்திதான். மொழிப்போர் நடந்து இருபது ஆண்டுகூட ஆகாத மாநிலத்தில் இதைவிடப் பெரிய நகைச்சுவையை எந்த எழுத்தாளரும் எழுதியிருக்க முடியாது.

நிஜமான நகைச்சுவைத் தொடரும் அதே 1984இல்தான் வந்தது. ‘யே ஜோ ஹை ஜிந்தகி’. குந்தன் ஷா இயக்கியது, சரத் ஜோஷி எழுதியது. ஒரு கணவன், ஒரு மனைவி, வேலை தேடும் மச்சான், வாரா வாரம் கதவைத் தட்டும் ஒரு வேற்று ஆள். அந்த வேற்று ஆளாக ஒவ்வொரு வாரமும் வேறு வேடத்தில் வந்தவர் சதீஷ் ஷா. இந்தி தெரியாத ஊர்களில் அந்தத் தொடருக்கு உயிர் கொடுத்தது அவருடைய முகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வசனம் புரியாவிட்டால் என்ன, போன வாரத்து மீசை இந்த வாரம் இல்லை என்பது புரியாதா? தெருக்கூத்தில் கோமாளியின் நடையைப் பார்த்தே சிரித்துப் பழகிய கூட்டத்துக்கு இது ஒன்றும் புதிதல்ல.

அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு டிவி, இரண்டு டிவி. மரக் கதவு போட்ட பெட்டி, சாலிடேர் அல்லது டயனோரா. மொட்டை மாடியில் ஆன்டெனா. காற்றடித்தால் வீட்டுக்காரப் பையன் மேலே ஏறுவான். “தெரியுதா?” என்று மேலிருந்து அவன், “போச்சு, போச்சு… அங்கியே புடி!” என்று கீழிருந்து இவர்கள். கூடத்தில் உட்கார இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சிரிப்புத் தொடர் ஓடும்போது இந்தக் கூட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒரு ஜோக்குக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த ஜோக் போய்விடும். மேடை நடிகர் என்றால் கைத்தட்டல் அடங்கும்வரை காத்திருப்பார். பெட்டிக்குள் இருக்கும் நடிகருக்கு இந்தக் கூடம் சிரிப்பது எப்படித் தெரியும்? “அட, சும்மா இருங்கப்பா!” என்று அதட்டுகிற குரலிலேயே அடுத்த வசனமும் அமுங்கிப்போகும்.

தமிழில் சிரிப்புத் தொடர்கள் மேடையிலிருந்து இறங்கி வந்தவை என்பதால் இந்தச் சிக்கல் கூடியதே தவிரக் குறையவில்லை. எஸ்.வி. சேகரின் ‘வண்ணக் கோலங்கள்’, காத்தாடி ராமமூர்த்தி நடித்த ‘துப்பறியும் சாம்பு’, கிரேஸி மோகன் எழுதியவை என்று எல்லாமே சென்னை சபா நாடகங்களின் வாரிசுகள். கிண்டியில் இன்ஜினீயரிங் படித்த மோகன் 1979இல் தம்பி மாது பாலாஜியோடு கிரேஸி கிரியேஷன்ஸ் குழுவைத் தொடங்கினார். அவர் வசனத்தில் ஒரு வார்த்தை வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த வார்த்தை வரும், மூச்சுவிட நேரம் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டும் சிரிக்கலாம். அந்த வகையில் அது நெசவாளிக்குத் தோதான காதுச் சரக்குதான்.

ஆனால் அந்தக் காது கேட்டது மயிலாப்பூர்ப் பேச்சை. வாடகை வீடு, ஆபீஸ் மேனேஜர், பொய் சொல்லி எடுத்த லீவு, திடீரென்று வந்து நிற்கும் மாமனார் என்பதே கதையின் உலகம். அம்மாபேட்டையில் லீவு சொல்ல மேனேஜர் ஏது? பாவு கொடுக்கிற முதலாளியும், வாரக் கூலியும், நூல் விலையும்தான். சேலத்துக்காரர்கள் சொந்தச் சிரிப்பாக எடுத்துக்கொண்டது கவுண்டமணியின் குரலை. உடுமலைப் பக்கத்திலிருந்து வந்த அந்தக் கொங்குப் பேச்சில், 1989இல் ‘கரகாட்டக்காரன்’ வந்தபோது, ஒரு வாழைப்பழக் கணக்கு ஊரையே உருட்டியது. டிவி நகைச்சுவை விருந்தாளியின் சிரிப்பாகவும், சினிமா நகைச்சுவை வீட்டுச் சிரிப்பாகவும் பல காலம் இருந்தன. சபா நாடகக்காரர்களைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. தங்கள் வாழ்க்கை துளியும் இல்லாத ஒரு தொடரை ஒரு நெசவுத் தெரு வாரம் தவறாமல் பார்த்தது என்றால், அந்த எழுத்துக்கு ஏதோ பலம் இருந்தது என்றுதான் அர்த்தம்.

புதுத் தொடரின் முதல் வாரத்துக்குச் சேலத்தில் மரியாதை கிடைப்பது கஷ்டம். வேடம் கட்டுகிறவரை முகத்துக்கு நேரே தரம் பார்க்கிற ஊர் இது. ஆடித் திருவிழாவில் குகையில் வண்டி வேடிக்கை நடக்கும். சாமி வேடம் போட்டவர்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். போன வருஷத்துச் சிவனுக்கும் இந்த வருஷத்துச் சிவனுக்கும் இருக்கிற வித்தியாசத்தைச் சாலையோரத்தில் நிற்பவர்கள் உரக்கவே சொல்வார்கள். மறுநாள் காலை டீக்கடையில் ஒரு தொடருக்கு நடக்கும் விசாரணையும் அதே முறைதான். “ஏனுங்க, நேத்து அத பாத்தீங்களா?” “பாத்தன், பாத்தன். சிரிப்பு எங்க வருதுன்னுதான் தேடிட்டு இருந்தன்.”

இந்தத் தீர்ப்பு சென்னைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் தபால் ஒன்றே வழி. தூர்தர்ஷனின் சென்னை நிலையத்தில் ‘எதிரொலி’ என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. நேயர்கள் எழுதிய கடிதங்களைப் படித்து, நிலைய இயக்குநர் ஏ. நடராஜனே கேமரா முன்னால் பதில் சொல்வார். திட்டையும் படித்துக் காட்டிவிட்டுச் சமாதானம் சொல்லும் ஓர் அரசு அதிகாரியை வாரா வாரம் பார்க்கிற வாய்ப்பு இப்போது எந்தச் சேனலிலும் இல்லை. கடிதங்களுக்கு நிஜமாகவே வலு இருந்த காலம் அது. 1984 ஜூலை 7 அன்று தொடங்கிய இந்தித் தொடர் ‘ஹம் லோக்’ முதல் பதின்மூன்று எபிசோடும் குடும்பக் கட்டுப்பாட்டுப் பாடமாகவே ஓடி அலுப்பூட்டியது. அதன்பிறகு எழுத்தாளர் மனோகர் ஷ்யாம் ஜோஷி பாடத்தைக் குறைத்துக் குடும்பக் கதையைக் கூட்டினார். 1985 டிசம்பரில் தொடர் முடிவதற்குள் வந்த கடிதங்கள் சுமார் 4,00,000. 1993இல் ‘சுரபி’ நிகழ்ச்சியின் போட்டிக்கு ஒரே வாரத்தில் 14 லட்சம் கடிதங்கள் குவிய, தபால்துறை போட்டிகளுக்கென்றே விலை கூடிய ஒரு தனிக் கார்டை அச்சடித்தது. சிரிப்பு வந்ததோ இல்லையோ, தபால்துறைக்கு வரும்படி வந்தது.

முதல் பார்வைத் தீர்ப்பு தப்பிப்போவது எல்லா நாட்டிலும் உண்டு. சென்னை நிலையம் தொடங்கிய அடுத்த மாதம், 1975 செப்டம்பரில், பிபிசியில் ‘ஃபால்டி டவர்ஸ்’ வந்தது. அதன் கதைவசனத்தை முன்கூட்டியே படித்த பிபிசி அதிகாரி ஒருவர் அது படுமோசம் என்று குறிப்பெழுதி வைத்திருந்தார். பிற்பாடு அந்தத் தொடரை ஆங்கிலேயர்கள் தங்கள் தலைசிறந்த நகைச்சுவையாகக் கொண்டாடினார்கள். அமெரிக்காவில் 1971 ஜனவரி 12 அன்று ‘ஆல் இன் த ஃபேமிலி’ முதன்முதலாக ஒளிபரப்பானபோது, திட்டி வரப்போகும் போன்களை எடுப்பதற்கென்றே சிபிஎஸ் கூடுதல் ஆட்களைப் போட்டுக் காத்திருந்தது. எதிர்பார்த்த அளவுக்குப் போனே வரவில்லை.

1993 சித்திரை முதல் நாளில் சன் டிவி வந்தது, அடுத்த வருஷம் ராஜ் டிவி. கேபிள் ஒயர் தெருவைக் குறுக்கே கடந்தபோது ஆன்டெனாவுக்கும் மாடியேறும் பையனுக்கும் வேலை போயிற்று. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், நாகா இயக்கத்தில் 1998இல் ராஜ் டிவியில் வந்த ‘ரமணி vs ரமணி’ மேடை வாசனை இல்லாத நகைச்சுவை. ஒரே பெயர் கொண்ட கணவனும் மனைவியும் வீட்டுக்குள் போடும் சண்டைதான் கதை. சன் டிவியின் ‘சின்னப் பாப்பா பெரிய பாப்பா’ மாமியார் மருமகள் சண்டையைச் சிரிப்பாக்கியது, எம்.எஸ். பாஸ்கரைப் ‘பட்டாபி’ ஆக்கியது. அம்மாபேட்டை டீக்கடையில் இவற்றுக்குத் தீர்ப்பு சொல்ல ஆண்கள் கொஞ்சம் தடுமாறியிருப்பார்கள். இந்தக் கதைகளில் நீதிபதி வேறு ஆள். ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே, ஒரு கண்ணை டிவியில் வைத்திருந்த பெண்கள்.

2006 செப்டம்பரில் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியதும் ஜன்னல் கூட்டம் முழுதாகக் கலைந்தது. அதற்குள் பல தெருக்களில் குழித்தறி போய் விசைத்தறி வந்திருந்தது. அந்தச் சத்தத்தில் ரேடியோவே கேட்காது, வசனச் சிரிப்பு எங்கே கேட்கும்? கூடத்தில் மூன்று பேர், நான்கு பேர். கூட்டமாகச் சிரிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்க்க, அமெரிக்காவில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் ஐம்பதுகளிலேயே ஒரு சிரிப்புப் பெட்டி செய்து வைத்திருந்தார். பட்டனைத் தட்டினால் அளவாகச் சிரிக்கும். அந்தப் பதிவுச் சிரிப்பு தமிழ்த் தொடர்களுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துச் சிரித்தவர்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

‘ரமணி vs ரமணி’ 2022இல் மூன்றாம் பாகமாக ஆஹா தளத்தில் திரும்பி வந்தது. இயக்கம் அதே நாகா, ஜோடியாக ராம்ஜியும் வாசுகியும். இருபத்துநான்கு வருஷம் கழித்து அந்தத் தம்பதிக்கு வளர்ந்த பிள்ளைகள், புதுச் சண்டைகள். முதல் எபிசோடை யார் எத்தனை நிமிஷம் பார்த்தார்கள், எந்த நொடியில் நிறுத்திவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம் அந்தத் தளத்துக்கு உடனே தெரிந்துவிடும். பழைய பாகம் நன்றாக இருந்ததா புதியதா என்று யாராவது கேட்டால், சேலத்துக்காரர் முதலில் கேட்கப்போவது, அந்தச் செயலிக்கு மாசம் எவ்வளவு என்று.