பாதி வேகம்

1997 பங்குனியில், மேலூருக்குக் கிழக்கே எங்கள் ஊர்த் திருவிழாவில் நடந்த ‘வள்ளி திருமணம்’ ஸ்பெஷல் நாடகத்தின் வீடியோ காஸெட் ஒன்று என்னிடம் இருக்கிறது. மூன்று மணி நேரக் காஸெட். ஆனால் ஏறக்குறைய ஆறு மணி நேரம் அதில் பதிவாகியிருக்கிறது. இந்தக் கணக்கில் எது பற்று எழுதப்பட்டது என்பது எனக்குச் சமீபத்தில்தான் புரிந்தது.

படம் பிடித்தவர் கல்யாண வீடியோக்காரர். இரண்டு காஸெட்டில் எடுத்திருந்தார். பிரதி போடும்போது ஒன்றா இரண்டா என்று கேட்க, ஒன்றே போதும் என்றிருக்கிறார் அப்பா. வி.ஸி.ஆரில் எஸ்.பி., எல்.பி. என்று இரண்டு நிலை கொண்ட ஸ்விட்ச், எல்.பி.க்குத் தள்ளினால் நாடா பாதி வேகத்தில் ஓடும், நேரம் இரட்டிக்கும். மூலக் காஸெட்டுகளின் மேல் அடுத்த முகூர்த்தத்துக் கல்யாணம் ஏறிவிட்டது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. நாள் முழுவதும் பாங்கில் வரவு செலவு பார்க்கிறவன் நான்; ஒரு காஸெட் விலை மிச்சம் என்பது எனக்கும் விளங்குகிற நியாயமே.

இந்த ஸ்விட்ச் பிறந்தது வேறொரு சிக்கனத்தில். 1975-ல் வந்த ஸோனியின் பீட்டாமாக்ஸ் ஒரு மணி நேரம் பதிந்தது. மறுவருஷம் ஜே.வி.ஸி. கொண்டுவந்த வி.எச்.எஸ். இரண்டு மணி நேரம். 1977-ல் அமெரிக்காவில் விற்க முனைந்த ஆர்.ஸி.ஏ., அந்த ஊர் ஃபுட்பால் ஆட்டம் முழுதும் ஒரே காஸெட்டில் அடங்க வேண்டும் என்றது. மாட்ஸுஷிடா வேகத்தைப் பாதியாக்கி நாலு மணி நேரம் கொடுத்தது. நம்முடைய டெலிவிஷன் முறையான பி.ஏ.எல்.லில் நாடா முதலிலிருந்தே மெதுவாக ஓடுவது: அங்கே விநாடிக்கு 3.33 செ.மீ., இங்கே 2.34. ஆகவே இ-180 காஸெட்டில் எஸ்.பி.யிலேயே மூன்று மணி நேரம், அதாவது பாட்டு சண்டை சகிதம் ஒரு தமிழ்ப்படம், சுகமாக அடங்கிற்று. எல்.பி. தேவைப்பட்டது விடிய விடிய நடக்கிற சமாச்சாரங்களுக்குத்தான்.

எல்.பி.யில் படம் கெட்டுவிடும் என்றுதான் எல்லோரும் எச்சரிப்பார்கள். கெடுகிறதுதான், ஆனால் பிரமாதமாக இல்லை. படத்தை எழுதுவது நிமிஷத்துக்கு 1500 தடவை சுழலும் உருளையில் பொருத்திய தலைகள். நாடா தயங்கினாலும் உருளை தயங்குவதில்லை. எழுதும் கோடுகள்தாம் குறுகுகின்றன. கொஞ்சம் புள்ளி, கொஞ்சம் நடுக்கம், அவ்வளவே. ஒலியின் கதி வேறு. ஹைஃபை அல்லாத சாதாரண வி.ஸி.ஆரில் அதற்குச் சுழலும் தலை கிடையாது. நாடாவின் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் இடம், அசையாத ஒரு தலை. நாடா என்ன வேகத்தில் தன்னைக் கடக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அது எழுதும். எல்.பி.யில் அந்த வேகம் 1.17 செ.மீ. பாட்டுக் கேட்கும் ஆடியோ காஸெட்டுக்கு 4.76. மேடைக்கடியில் ஒரு பழைய டேப் ரிக்கார்டரை வைத்திருந்தால் இதைவிடத் தெளிவாகக் கேட்டிருக்கும் என்று நினைக்க எரிச்சலாக இருக்கிறது. வேகம் பாதியானால் பதிவாகும் ஒலியின் மேல் எல்லையும் ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். உயிரெழுத்துகள் தங்கும், ராகம் தங்கும். சகரமும் தகரமும் ககரமும் மழுங்கிப் போகும்.

ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒரே குழுவினர் அல்லர். தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு, அன்றிரவு மேடையில்தான் சந்திக்கிறார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867-1922) பாட்டுகள் அவர்களுக்கு மனப்பாடம்; அச்சிலும் உண்டு. நாரதரும் வள்ளியும் செய்யும் தர்க்கமோ அந்தந்த இரவுக்கே உரியது. எதிராளி என்ன கேட்பான் என்று தெரியாமல் நின்று, மடக்கி, மடங்கி, சொல்லுக்குச் சொல் எழுப்பும் அந்தப் பேச்சுக்குப் பிரதி என்று ஒன்று கிடையாது. நம் விமர்சகர்கள் (வெகுநாள் நானும்) அச்சுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, நாடகம் இவ்வளவுதான் என்று முடித்துக்கொள்கிறோம். என் காஸெட்டில் பாட்டுகள் நன்றாகவே கேட்கின்றன. அவை புத்தகத்தில் இருப்பவை. வேறெங்கும் இல்லாத தர்க்கம்தான் கேட்கவில்லை.

ஜப்பானின் ஃபுனாய் 2016-ல் வி.ஸி.ஆர். தயாரிப்பதை நிறுத்திவிட்டது. டவுன்ஹால் ரோடுக் கடை ஒன்றில் பழைய மெஷின்கள் சிலவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். எல்.பி.யின் குறுகிய கோடுகள் பதிந்த மெஷினுக்குத்தான் நன்றாகக் கட்டுப்படும். மூன்றாவது மெஷினில்தான் படம் நின்றது. வள்ளி பரண்மேல் நிற்கிறாள். நாரதர் ஏதோ சொல்கிறார். முன்வரிசையில் என் அப்பத்தா உள்பட ஜனங்கள் குலுங்கிச் சிரிக்கிறார்கள். எதற்கு? ‘சொல்’ என்கிறாரா, ‘கொல்’ என்கிறாரா? ஒன்பது தடவை ஓட்டினேன்.

அன்றிரவு ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடியவர் மதுரையில் இருக்கிறார், எண்பதை நெருங்குகிறார். போன மாதம் போய் ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

“சொல்லுன்னுதான் தம்பி சொல்றாரு” என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“இல்ல. வேற என்னமோ.”