சட்டம் படித்த சூதாடி

1954 ஜனவரி. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று. அதில் ஆடத் தேர்வாகியிருந்த புதுமுகம் ஜாக் மோலினாஸ், சில நாள் முன்னதாக லீகிலிருந்தே நீக்கப்பட்டார். ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணியில் ஆடிக்கொண்டே, தன் அணியின் ஆட்டங்கள்மீது பந்தயம் கட்டியதை அவரே ஒப்புக்கொண்டிருந்தார்.

அப்போது அவருக்கு வயது 22. யூதக் குடும்பத்துப் பிள்ளை. அந்தக் காலத்து நியூயார்க்கில், குடியேறி வந்த யூதர்களின் பிள்ளைகள் கூடைப்பந்தில் கொடிகட்டிப் பறந்தார்கள். பெரிய மைதானம் தேவையில்லை, தெருவோரம் ஒரு கூடை இருந்தால் போதும். பின்னாளில் என்.பி.ஏ. ஆன லீகின் முதல் கூடையை 1946 நவம்பர் 1 அன்று போட்ட ஆஸி ஷெக்ட்மனும் நியூயார்க் யூதரே. அந்த வரிசையில் வந்த மோலினாஸ், ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளியில் படித்து, கொலம்பியா பல்கலைக்கழக அணிக்குக் கேப்டனானார்.

தடைக்குப் பிறகு புரூக்ளின் சட்டக் கல்லூரியில் சேர்ந்து வழக்கறிஞரானார். என்.பி.ஏ.மீதே வழக்கும் தொடுத்தார். தன்னை ஆடவிடாதது தொழிற்போட்டியை முடக்கும் செயல் என்பது அவர் வாதம். 1961 ஜனவரியில் நீதிபதி இர்விங் காஃப்மன் அதைத் தள்ளுபடி செய்தார். சூதாட்டத்துக்கு எதிரான விதி நியாயமானது என்றார் அவர்.

இதற்கிடையே மோலினாஸ் இன்னொரு தொழிலும் நடத்திவந்தார். கூடைப்பந்துப் பந்தயத்தில், எத்தனை புள்ளி வித்தியாசம் என்பதே முக்கியக் கணக்கு. பத்துப் புள்ளியில் ஜெயிக்கும் என்று கணிக்கப்பட்ட அணி ஆறு புள்ளியில் ஜெயித்தால், எதிர்ப்பக்கம் கட்டியவருக்குப் பணம். ஆட்டக்காரர் தோற்கக்கூட வேண்டாம், இரண்டு மூன்று கூடைகளைத் தவறவிட்டால் போதும். அப்படித் தவறவிடக் கல்லூரி மாணவர்களுக்குப் பணம் கொடுத்த கும்பலின் மூளை மோலினாஸ். மான்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகனின் விசாரணையில் எல்லாம் வெளிவந்தது. 1963-இல் அவருக்கு 10 முதல் 15 ஆண்டு வரை சிறை என்று தீர்ப்பானது. ஐந்தாண்டில் வெளியே வந்தார். 1975 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் கதை அங்கே முடிந்தது. ஆனால் இந்த வழக்கில் பெரிதாக இழந்தவர்கள் கூடைப்பந்து ஆடிய, புரூக்ளினின் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் இருவர்: கோனி ஹாக்கின்ஸ், ரோஜர் பிரவுன். ஹாக்கின்ஸ் மோலினாஸிடம் 200 டாலர் கடன் வாங்கியிருந்தார். அது திருப்பித் தரப்பட்டும்விட்டது. எந்த ஆட்டத்தையும் விற்றதாக இருவர்மீதும் வழக்கே இல்லை. என்றாலும் பதினெட்டு வயது ஹாக்கின்ஸைத் துப்பறிவாளர்கள் துருவித் துருவி விசாரித்தபோது, அருகில் ஒரு வழக்கறிஞர்கூட இல்லை. கல்லூரி கைவிட்டது, என்.பி.ஏ. கதவடைத்தது.

பிட்ஸ்பர்க் வழக்கறிஞர் தம்பதி டேவிட், ரோஸ்லின் லிட்மன் ஹாக்கின்ஸுக்காக வழக்காடினார்கள். 1969-இல் என்.பி.ஏ. சமரசத்துக்கு வந்தது, 27-ஆம் வயதில் ஹாக்கின்ஸ் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியில் சேர்ந்தார். 1992-இல் அவரும், 2013-இல் பிரவுனும் கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். அவர்கள் இழந்த இளமைக்கு அந்தக் கௌரவம் ஈடாகாது. சட்டம் படித்தவர் செய்த குற்றத்துக்கு, சட்டம் அறியாத பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் தண்டனை அனுபவித்தார்கள். மோலினாஸின் பெயர் வரும் இடத்திலெல்லாம் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

(தொடரும்)