பிறை பார்த்து விதைத்த கொல்லைகள்

‘திங்கள்’ என்னும் சொல் நிலவையும் குறிக்கும், மாதத்தையும் குறிக்கும். மலாய் மொழியின் ‘புலான்’ என்னும் சொல்லும் அத்தகையதே. ஆயினும், தமிழரின் சித்திரை முதலாய மாதங்கள் ஞாயிற்றின் செலவைக் கொண்டு அளக்கப்படுவன. பிறைக் கணக்கோ 29½ நாளுக்கு ஒரு சுற்றாகத் தனியே ஓடுவது. தமிழக உழவர் பருவத்தை மாதத்தாலும், நாளைப் பிறையாலும் அறிந்தனர்.

திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வழியே மலாயாவுக்கு வந்தோர் இவ்விரு கணக்குகளையும் உடன் கொணர்ந்தனர். அவற்றுள் ஒன்று இங்குப் பொருந்தவில்லை. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழி, தமிழகத்து மழையை நம்பிப் பிறந்தது. நெகிரி செம்பிலானிலோ ஆடி மாதம் மழை குறைந்த காலம். சித்திரையை ஒட்டியும் ஐப்பசி, கார்த்திகையிலுமே மழை மிகும். ஆடி கைவிட்டது, பிறை கைவிடவில்லை. நாகப்பட்டினத்தில் கண்ட அதே பிறைதான் சிரம்பானை அடுத்த சுங்கை காடுட்டின் பால்மரங்களுக்கு மேலும் தோன்றியது.

இந்நாட்டில் கோடை என ஒரு பருவம் இல்லை. எனினும், பால்மரங்கள் இலையுதிர்த்துப் பால் சுருங்கும் மாசி, பங்குனியே தோட்டத்து மக்களுக்குக் கோடையாயிற்று. அப்போதுதான் லயத்துக் கொல்லையில் வேலை மிகுதி. தேய்பிறையில் களை நீக்கி மண்ணைக் கொத்தினர். பந்தலுக்கு மூங்கில் வெட்டினர். அந்நாளில் வெட்டிய மூங்கிலை வண்டு துளைக்காது என்பது நம்பிக்கை. மரவள்ளி, சேனை, மஞ்சள் முதலிய மண்ணுக்குள் விளைவனவும் தேய்பிறைக்கே உரியன. வெண்டை, கத்தரி, அவரை, பூசணி போன்று மண்ணுக்கு மேல் காய்ப்பனவற்றை வளர்பிறையில் விதைத்தனர். சித்திரை மழை விழும்போது முளை தயாராக நின்றது.

நிலவின் ஈர்ப்பு விளைச்சலைப் பெருக்கும் என்பதற்கு அறிவியல் உறுதியான சான்று காட்டவில்லை. ஆனால், விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நண்பகல்வரை நிரையில் பால்வெட்டித் திரும்பியவர்களின் நேரம் துரையின் மணியோசைக்கு உட்பட்டிருந்தது. எஞ்சிய மாலைப்பொழுதைத் தாமே வகுத்துக்கொள்ள அவர்களுக்குக் கிடைத்த அட்டவணை வானத்தில் இருந்தது. எழுத்தறியாதாரும் அதனைப் படித்தனர்.

கொல்லை வெறும் பொழுதுபோக்கன்று. 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை வீழ்ந்து கூலி குறைந்தது; பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். எஞ்சியோர் அடுப்பில் கொல்லைக் கீரை வெந்தது. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாயிற்று. தோட்டத்து ஆடவர் பலர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் மீளவில்லை. கொல்லை பெண்கள் கையில் நின்றது, மரவள்ளியே சோறாயிற்று. கிழங்குக்குத் தேய்பிறை என்னும் விதியும் அப்போது தளர்ந்தது. பசித்த வீட்டில் கிழங்கைப் பிடுங்கிய கை, அதன் குச்சியை அன்றே ஊன்றியாக வேண்டும். தேய்பிறை வரட்டும் என்று காத்திருக்க இயலாது.