கடனும் உரிமையும்

பிள்ளையைப் போற்றாத தமிழ்ப் புலவர் அரியர். வள்ளுவப் பெருந்தகை மக்கட்பேற்றுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாங் குலோத்துங்க சோழனைக் குழந்தையாகப் பாவித்து, பத்துப் பருவங்களிற் பிள்ளைத்தமிழ் பாடினார். மத்திய கால ஐரோப்பாவிற் பிள்ளைமை என்னும் எண்ணமே இருக்கவில்லையென்று பிரெஞ்சு வரலாற்றறிஞர் பிலிப் ஆரியேஸ் 1960 இல் எழுதினார். பின்வந்த அறிஞர் பலர் அதனை மறுத்தனர். நம் இலக்கியங் கற்றோரும் அக்கூற்றை நமக்குப் பொருத்தத் துணியார்.

எனினும், அன்பு வேறு, உரிமை வேறு. புறநானூற்றிற் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோரின் கடன்களைக் கூறி, போர்க்களஞ் சென்று வென்று மீள்வதே மகனின் கடனென முடிக்கிறார். எல்லோரும் அவனை ஆளாக்குகின்றனர். எதற்காக என்பதை மட்டும் அவனிடம் எவருங் கேட்டிலர். வயலை நம்பிய ஊர்களிலும் பிள்ளையின் பருவத்தை அளந்தது வயதன்று, வேலையே. மாடு மேய்க்கவும் கிளி கலைக்கவும் வல்லவன் பாதி ஆளாயினான். தம்பியை இடுப்பில் ஏந்திய சிறுமி பாதித் தாயாயினாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாடசாலை இந்நிலையை மாற்றத் தொடங்கிற்று. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1824 இல் உடுவிலிற் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை நிறுவினர். 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்தார். படிமுறையாகப் பாலபாடங்களும் எழுதினார். மிஷன் பாடசாலையிற் பயின்ற யான் இரு சாராருக்கும் நன்றியுடையேன். ஆயினும், பிள்ளை எம்மவனாக வேண்டும் என்பதே இரு சாராரின் நோக்கமாயிருந்தது என்பதையும் மறுத்தல் இயலாது.

பிள்ளை பிள்ளைக்கே உரியது என்னும் எண்ணம் மிகவும் புதியது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. ஐக்கிய நாடுகள் சபை 1989 இற் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றது. இலங்கை 1991 இல் அதனை உறுதிப்படுத்தியது. சிறுவரை வேலைக்கமர்த்தற்குரிய ஆகக்குறைந்த வயது 2021 இற் பதினாறாயிற்று.

சட்டம் வந்த பின்னரே நம் மாவட்டம் பெருந் துயரைக் கண்டது. விடுதலைப் புலிகள் பதினெட்டு வயது நிரம்பாதோரையும் படையிற் சேர்த்தனர். 2006 ஆகஸ்ட் 14 ஆந் திகதி வள்ளிபுனத்துச் செஞ்சோலை வளாகத்தில் அரச விமானப்படை குண்டு வீசியதில் மாணவியர் பலர் மாண்டனர். 2009 இற் கடற்கரையோரத்தில் மடிந்த பிள்ளைகளோ பலர். பொன்முடியார் காலத்துக் கடன் மீளவும் பிள்ளைகளிடம் வசூலிக்கப்பட்டது. கேட்டவர் பலர், கொடுத்தவர் அவர்களே.

மன்றத்து இளைஞரே! உரிமை ஏட்டில் இருப்பதனால் மட்டும் பிள்ளை காக்கப்படாது. நம் அயலில் ஒரு பிள்ளை பாடசாலைக்கு வராது வலை இழுக்கவோ கூலிக்கோ சென்றால், ஏனென்று முதலிற் கேட்கவேண்டியவர் நாமே. குற்றஞ் சாட்டுதற்காகவன்று, அவ்வீட்டின் அடுப்பெரியாத நிலையை அறிதற்காகக் கேட்போமாக. பிள்ளையிடம் கடன் கேட்ட சமூகம், இனிப் பிள்ளைக்குத் தான் பட்ட கடனை எண்ணட்டும்.